நானூற்று முப்பது ஆண்டுக் கணக்கு

வேதம் வந்த வழி – 11

சென்ற வாரம் முதலூரில் விட்டோம். ஆண்டு 1799. சாத்தான்குளம் வட்டாரத்தில் புதிதாக வேதத்துக்கு வந்த குடும்பங்கள் ஊராரின் பகையைத் தாங்க முடியாமல், தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியாரின் பின்னால் போய், விலைக்கு வாங்கிய ஒரு துண்டு நிலத்தில் குடிசை போட்டன. தங்களுக்கென்று அமைந்த முதல் ஊர் என்பதால் முதலூர் என்றே பெயர் வைத்தார்கள். பிறந்த வீட்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரம்தான். ஆனாலும் அகதிகளாகத்தான் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

இந்த வாரம் ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்த கதையைத் தொடங்குவதாக இருந்தேன். அதற்குள் சங்கரன்கோவிலிலிருந்து ஒரு வாசகர் போன் செய்துவிட்டார். பூ மார்க்கெட்டில் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறவர். முதலூரைப் பற்றி அவருக்குக் கேள்வியே இல்லை.

"அண்ணாச்சி, ஆதியாகமத்துல நானூறு வருசம்னு போட்டிருக்கு. யாத்திராகமத்துல நானூத்து முப்பதுன்னு போட்டிருக்கு. நடுவுல முப்பது வருசம் எங்க போச்சு? எங்க மண்டியில இப்படி எழுதினா அன்னைக்கே கணக்க முடிச்சு அனுப்பிருவாவ."

சிரித்துவிட்டு வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த முப்பதைத் தேடிப் போனால் வழி நேராக முதலூருக்கும் பாளையங்கோட்டைக்கும் வருகிறது. ஆகவே ரேனியஸ் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

*

மூன்று இடங்களை அருகருகே வைத்துப் பாருங்கள்.

ஆதியாகமம் 15. ஆபிரகாமுக்குப் பிள்ளை இல்லை. இருட்டும் நேரத்தில் கடவுள் அவரிடம் சொல்கிறார்: உன் சந்ததி தன்னுடையதல்லாத ஒரு நாட்டில் பரதேசிகளாக இருப்பார்கள், அடிமைப்படுவார்கள், 400 ஆண்டு ஒடுக்கப்படுவார்கள், நாலாம் தலைமுறையில் இங்கே திரும்புவார்கள்.

யாத்திராகமம் 12. புறப்படும் இரவு. இஸ்ரவேலர் எகிப்தில் குடியிருந்த காலம் 430 ஆண்டு என்று அங்கே எழுதியிருக்கிறது.

கலாத்தியர் 3. பவுல் வாதாடுகிறார்: ஆபிரகாமுக்கு வாக்குத்தத்தம் கிடைத்து 430 ஆண்டு கழித்துத்தான் நியாயப்பிரமாணம் வந்தது. நியாயப்பிரமாணம் சீனாய் மலையில் கிடைத்தது. எகிப்தைவிட்டு வந்த மூன்றாம் மாதம் அந்த மலையடியில் இருந்தார்கள். அப்படியானால் பவுலின் 430 எகிப்தில் தொடங்கவில்லை. ஆபிரகாமிடத்தில் தொடங்குகிறது.

எண் ஒன்றுதான். தொடக்கம்தான் வேறு.

இதை வயதுக் கணக்கால் சரிபார்க்க வேதமே வழி வைத்திருக்கிறது. ஆரானை விட்டுப் புறப்பட்டபோது ஆபிரகாமுக்கு வயது 75. ஈசாக்கு பிறந்தபோது 100. அது 25 ஆண்டு. யாக்கோபு பிறந்தபோது ஈசாக்குக்கு 60. பஞ்சத்தில் எகிப்துக்குப் போய்ப் பார்வோன் முன்னால் நின்றபோது யாக்கோபுக்கு 130. கூட்டினால் 215. 430இல் 215 போனால் மிச்சமும் 215. சரிபாதி கானானில், சரிபாதி எகிப்தில்.

"இல்லை, 430ம் எகிப்தில்தான்" என்று பிடிவாதம் பிடித்தால் என்ன ஆகும்? யாத்திராகமம் 6ஆம் அதிகாரத்தைத் திருப்பினால் சிக்கல் தெரியும். லேவி, அவர் மகன் கோகாத், அவர் மகன் அம்ராம், அவர் மகன் மோசே. கோகாத் யாக்கோபோடு எகிப்துக்குப் போனவர்களின் பட்டியலிலேயே இருக்கிறார். அவர் வாழ்ந்தது 133 ஆண்டு. அம்ராம் 137. புறப்படும்போது மோசேக்கு 80. ஒவ்வொருவரும் தன் கடைசி ஆண்டில் பிள்ளை பெற்றதாக வைத்தாலும் 350க்கு மேல் போகாது. அதைவிடப் பெரிய தலைவலி மோசேயின் தாய் யோகெபேத். அவர் லேவியின் சொந்த மகள், எகிப்தில் பிறந்தவர் என்று எண்ணாகமம் சொல்கிறது. 430 ஆண்டும் எகிப்தில் என்றால், மோசேயைப் பெற்றபோது அந்த அம்மாளுக்கு 250 வயதைத் தாண்டியிருக்க வேண்டும்.

யூத ரபீக்கள் இதை எப்போதோ பார்த்துவிட்டார்கள். 430ஐ ஆபிரகாமுக்குக் கிடைத்த தரிசனத்திலிருந்தும், 400ஐ ஈசாக்கின் பிறப்பிலிருந்தும் எண்ணினார்கள். தரிசனம் ஆபிரகாமின் 70ஆம் வயதில், ஈசாக்கு பிறந்தது 100ஆம் வயதில். மண்டிக்காரர் தேடிய முப்பது அங்கேதான் இருக்கிறது. ஈசாக்கு பிறந்து யாக்கோபு எகிப்துக்குப் போகும்வரை 190 ஆண்டு. 400இல் அது போனால் எகிப்தில் இருந்தது 210. இந்தக் கணக்கில் யோகெபேத்துக்கு மோசே பிறந்தபோது வயது 130. அதுவும் கொஞ்சநஞ்சமில்லை, ஆனால் முதிர்வயதில் ஈசாக்கைப் பெற்ற சாராளின் வீட்டில் அதிசயம் புதிதில்லை என்று ரபீக்கள் சமாதானம் அடைந்தார்கள்.

இன்னொரு கட்சியும் உண்டு, இன்றுவரை உண்டு. வம்ச வரிசையில் தலைமுறைகள் விட்டுப்போவது வழக்கம், நாளாகமத்தில் யோசுவாவுக்கு முன்னால் எத்தனை பெயர் வருகிறது பாருங்கள், எனவே 430ம் எகிப்தில்தான் என்பது அவர்கள் வாதம். அதைத் தள்ளிவிட முடியாது. எழுபது பேராகப் போன குடும்பம் ஆறு லட்சம் ஆண்களாகத் திரும்ப வேண்டுமென்றால் 215 ஆண்டு போதாது என்று அவர்கள் கேட்பதற்கும் சுலபமான பதில் இல்லை.

*

இந்தச் சண்டையில் நான் ரசித்த ஒரு கட்டம் அலெக்சாந்திரியாவில் நடந்தது.

கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டு. எகிப்தின் அந்தத் துறைமுக நகரத்தில் யூதர்கள் ஏராளம். எபிரேயம் மறந்து கிரேக்கம் பேசிய அவர்களுக்காக மோசேயின் ஆகமங்கள் கிரேக்கத்துக்கு மாறின. அந்தக் கிரேக்கப் பிரதியில் யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்து வரியில் எகிப்தோடு கானானும் சேர்ந்து நிற்கிறது: இரண்டு நாட்டிலும் குடியிருந்த காலம் சேர்த்து 430. சமாரியர் கையிலிருந்த ஆகமத்திலும் கானான் உண்டு. இஸ்ரவேலரின் முற்பிதாக்களும் உண்டு.

எபிரேயப் பிரதியில் அது இல்லை. நம் தமிழ் வேதாகமம் எபிரேயத்தைப் பின்பற்றுகிறது. அதனால்தான் சங்கரன்கோவிலில் உட்கார்ந்து படித்தவருக்கு உதைத்தது. 19ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிக்கு வந்த மிஷனரிகளுக்கு இந்தத் தொல்லை இருந்திருக்காது. அர்மாக் பேராயர் அஷர் கணித்த ஆண்டுகள் 1701 முதல் ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அச்சாகி வந்தன. வாக்குத்தத்தம் கி.மு. 1921, எகிப்திலிருந்து புறப்பாடு கி.மு. 1491. கழித்துப் பாருங்கள், 430. ஓரத்து எண்ணைப் பார்த்தவனுக்குக் கணக்கு முடிந்தே கையில் கிடைத்தது.

சரி, கணக்கு நேரானது. ஆனால் அதற்குக் கொடுத்த விலையைக் கவனித்தீர்களா? கானான் கடவுள் ஆபிரகாமுக்குக் கொடுப்பதாகச் சொன்ன நாடு. அந்த நாட்டில் இருந்த 215 ஆண்டையும் அந்நிய நாட்டுக் கணக்கில்தான் எழுத வேண்டியிருக்கிறது. சொந்தம் என்று சத்தியம் செய்து கொடுத்த மண்ணிலேயே அவர் பரதேசி. எபிரெயர் நிருபம் இதை ஒளிக்காமல் சொல்கிறது: வாக்களிக்கப்பட்ட தேசத்தில் அவர் அந்நிய தேசத்தில் இருப்பதுபோல இருந்தார், கூடாரத்தில் குடியிருந்தார்.

இது கணக்கைச் சமாளிக்கச் செய்த தந்திரமா, உள்ளபடியே அப்படித்தானா? பதில் எபிரோன் ஊர் வாசலில் இருக்கிறது.

*

சாராள் 127 வயதில் இறந்துபோகிறாள். ஆபிரகாம் அழுது முடித்து, உடலருகிலிருந்து எழுந்து ஊராரிடம் போகிறார். அந்த நாட்டில் அறுபதாண்டுக்கு மேல் ஆடுமாடு மேய்த்தவர், ராஜாக்களோடு உடன்படிக்கை செய்தவர், மனைவியைப் புதைக்க ஆறடி மண் இல்லாமல் நிற்கிறார்.

நான் உங்கள் நடுவில் வெளியாள், வந்து தங்கியிருக்கிறவன், ஒரு கல்லறை நிலம் சொந்தமாகக் கொடுங்கள் என்கிறார்.

ஊராரான ஏத்தின் புத்திரர் மரியாதைக்குக் குறைவைக்கவில்லை. நீங்கள் எங்கள் நடுவில் பெரிய பிரபு, எங்கள் கல்லறைகளில் நல்லதாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள், யாரும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள்.

கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் கவனியுங்கள். அவர் கேட்டது சொந்த நிலம். அவர்கள் கொடுக்க வந்தது இடம். ஒருவன் கல்லறையில் இடம் வாங்கிக்கொண்டால் காலத்துக்கும் அவனுக்குக் கடன்பட்டவன்.

ஆபிரகாம் குனிந்து வணங்குகிறார். பிடியை விடவில்லை. எப்பெரோனிடம் எனக்காகப் பேசுங்கள், அவர் நிலத்தின் ஓரத்தில் இருக்கும் மக்பேலா குகை வேண்டும், முழு விலை தருகிறேன்.

எப்பெரோன் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறார். ஊர் வாசலுக்கு வந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி சொல்கிறார்: குகை என்ன, நிலத்தையே தந்தேன், போய்ப் புதையுங்கள்.

ஆபிரகாம் மறுபடியும் குனிகிறார். நிலத்துக்கு விலை தருகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் எப்பெரோன் வாயிலிருந்து தொகை வருகிறது. நானூறு சேக்கல் வெள்ளி பெறும் நிலம், எனக்கும் உங்களுக்கும் நடுவில் அது என்ன பெரிய காரியம்!

நம் ஊரில் நிலம் வாங்கி விற்றவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதில்லை. "நமக்குள்ள என்னண்ணே பணம்" என்று தொடங்குகிறவரிடம் விலை குறைந்ததாக வரலாறு கிடையாது. பிற்காலத்தில் எரேமியா ஆனதோத்தில் ஒரு நிலம் வாங்கினார், 17 சேக்கல். தாவீது ராஜா ஒரு களத்தையும் மாடுகளையும் சேர்த்து வாங்கினார், 50 சேக்கல். ஆபிரகாம் 400 என்றதும் பேரம் பேசவில்லை. வியாபாரிகளிடம் செல்லுபடியாகும் வெள்ளியாக நிறுத்துக் கொடுத்தார். (நானூறு ஆண்டு, நானூறு சேக்கல் என்று இதில் ரகசியம் தேடுகிறவர்கள் உண்டு. அவர்கள் வழியில் நான் குறுக்கிடவில்லை.)

அதன்பின் ஆதியாகமம் எழுதுவது சுத்தமான கிரயப் பத்திரம். மம்ரேக்கு எதிரிலிருந்த நிலம், அதிலிருந்த குகை, நான்கெல்லைக்குள் நிற்கும் மரங்கள் எல்லாம், ஊர் வாசலில் கூடியிருந்தவர்கள் அறிய உறுதியாயிற்று. மாவடை மரவடை சகிதம் என்று நம் ஆவணங்கள் சொல்லுமே, அதே வாசனை.

இரண்டு தலைமுறை கழித்து யாக்கோபு எகிப்தில் சாகக் கிடக்கிறார். பிள்ளைகளை அழைத்து, என்னை இங்கே புதைக்காதீர்கள் என்கிறார். எங்கே புதைக்க வேண்டும் என்று சொல்லும்போது அந்தக் கிழவர் வாயிலிருந்து வருவது பத்திரத்தின் விவரம்: மக்பேலா, மம்ரேக்கு எதிரே, ஏத்தியனாகிய எப்பெரோனிடம் ஆபிரகாம் கிரயத்துக்கு வாங்கியது. யார் யாரைப் புதைத்தோம் என்ற பட்டியலும் கூடவே வருகிறது. நாடு முழுவதும் வாக்கில் இருந்தது. பத்திரம் இருந்தது அந்த வயலுக்கும், யாக்கோபு சீகேம் அருகே வாங்கிய ஒரு துண்டுக்கும்தான்.

என்னைக் கேட்டால், 215ஐக் கானானில் எழுதியவர்கள் எண்ணை மட்டும் பார்த்து எழுதவில்லை. எபிரோன் வாசலையும் பார்த்திருக்கிறார்கள்.

*

எகிப்தின் பதிவேடுகள் என்ன சொல்கின்றன என்று கேட்பவர்களுக்கு: யாக்கோபின் குடும்பம் வந்ததாக ஒரு கல்லும் சொல்லவில்லை. ஆனால் அப்படி வந்தவர்களைத் தெரியும். பெனி ஹசனில் குனும்ஹோதெப் என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரில், கி.மு. 1890ஐ ஒட்டித் தீட்டிய ஓவியம் ஒன்று இருக்கிறது. பல வண்ண உடை, கழுதை, யாழ், குழந்தைகள் சகிதம் மேற்காசியக் கூட்டம் ஒன்று எகிப்துக்குள் நுழைகிறது. தலை எண்ணிக்கை 37 என்று எழுத்தர் குறித்திருக்கிறார். கி.மு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய ஒரு பாப்பிரஸ் கடிதத்தில் எல்லைக்கோட்டை அதிகாரி மேலிடத்துக்குத் தெரிவிக்கிறார்: ஏதோமிலிருந்து வந்த நாடோடிகளை, அவர்களும் அவர்கள் மந்தையும் பிழைக்கட்டும் என்று, குளங்களுக்குப் போக உள்ளே விட்டோம்.

இஸ்ரவேல் என்ற பெயர் எகிப்தின் கல்லில் முதன்முதலாக வருவது பார்வோன் மெர்நெப்தாவின் வெற்றித் தூணில், கி.மு. 1208 வாக்கில். 1896இல் பிளிண்டர்ஸ் பெட்ரி தீப்ஸில் கண்டெடுத்தது. கானானில் தோற்றவர்களின் வரிசையில் மற்ற இடங்களுக்கெல்லாம் நாடு என்ற குறி இட்டிருக்கிறார்கள். இஸ்ரவேலுக்கு மட்டும் மக்கள் என்ற குறி.

நமக்கு மேற்கே, செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால், யூதர்களுக்கு வேறுவிதமான அனுபவமும் உண்டு. கி.பி. 1000 வாக்கில் முயிரிக்கோட்டில் சேரமன்னர் பாஸ்கர ரவி, இஸ்ஸுப்பு இரப்பான் என்று செப்பேடு அழைக்கும் யோசேப்பு ரப்பானுக்கு அஞ்சுவண்ணமும் எழுபத்திரண்டு உரிமைகளும் கொடுத்தார். பல்லக்கு, குடை, வரிவிலக்கு. வட்டெழுத்தில் வெட்டிய அந்தச் செப்பேடு கொச்சி யூதர்களிடம் தலைமுறை தலைமுறையாக இருந்தது. வெள்ளியை நிறுத்துக் கொடுக்காமலே மரியாதை கிடைத்த பரதேசிகள். வணிகத்துக்கு வந்தவனுக்கு ராஜா கொடுப்பான். கீழே மிதிபட்டவன் எழுந்து நடந்தால் யார் கொடுப்பது?

*

இப்போது பாளையங்கோட்டை.

ரேனியஸ் 1790இல் பிரஷ்யாவில் பிறந்தவர். 1814இல் சென்னைக்கு வந்தார், 1820இல் பாளையங்கோட்டைக்கு. சபைகள் பெருகின. பெருகிய வேகத்தில் பழைய பிரச்சினையும் பெருகியது. வேதத்துக்கு வந்தவன் குடியிருக்கும் மனை பண்ணையாருடையது, ஏறும் பனை அவருடையது, தண்ணீர் எடுக்கும் கிணறு அவருடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேதக்கோவிலுக்குப் போனால் திங்கட்கிழமை வீடு இல்லை.

ரேனியஸ் பிரசங்கியார் மட்டுமில்லை, நிலம் வாங்கத் தெரிந்தவர். பிரஷ்யாவில் டோனா பிரபு அனுப்பிய பணத்தில் 1827இல் ஒரு ஊர் வாங்கினார். அதுதான் டோனாவூர். 1830இல் தர்ம சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார். நாட்டுக் கிறிஸ்தவர்களிடமே பணம் திரட்டி, துரத்தப்பட்டவர்கள் குடியேற மனையும் நிலமும் வாங்குவது அதன் வேலை.

முதலூர்க்காரர்களோ டோனாவூர்க்காரர்களோ 215ஐயும் 430ஐயும் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஆபிரகாமின் கதை வாசிக்கப்பட்டபோது அவர்களுக்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது. ஒரு வித்தியாசத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆபிரகாம் ஊரிலிருந்து கிளம்பி வந்த வெளியாள். இவர்கள் வெளியாள் இல்லை. பாட்டன் பூட்டன் பனையேறிய மண்ணிலேயே வெளியாள் ஆக்கப்பட்டவர்கள். எபிரோனில் பத்திரம் ஆபிரகாம் பெயரில் முடிந்தது. இங்கே நிலம் பல இடங்களில் மிஷன் பொறுப்பில் இருந்தது. மிஷனோடு ஒத்துப்போகிறவரை கவலை இல்லை. ஒத்துப்போகாவிட்டால்?

1835இல் அந்தச் சோதனை முதலில் வந்தது ரேனியஸுக்கே. குருப்பட்டம் கொடுக்கும் முறை பற்றி ஆங்கிலத் திருச்சபையோடு எழுந்த கருத்துவேறுபாட்டில், அவரை அனுப்பிய சி.எம்.எஸ். மிஷன் சங்கமே அவரை விலக்கியது. பதினைந்து ஆண்டு கட்டியதை விட்டு வடக்கே போனார். உபதேசிமார்களும் சபையாரும் வருந்தி அழைக்க, அதே ஆண்டு திரும்பி வந்தார். சபைகள் இரண்டாகப் பிரிந்தன. எந்தக் கோவில் யாருக்கு என்ற சண்டை ஓயாமல் நடந்துகொண்டிருக்கும்போதே, 1838இல் ரேனியஸ் இறந்தார். அவர் கல்லறை பாளையங்கோட்டையில் இருக்கிறது.

*

அடுத்த இருபது ஆண்டில் கதை இரண்டு கிளையாகப் பிரிகிறது. ஒன்று வடக்கே போகிறது, நம் மண்டிக்காரரின் சங்கரன்கோவில் பக்கம். மற்றது தெற்கே, நாசரேத்துக்கு.

வடக்கு 1854இல் தொடங்குகிறது. தாமஸ் ராக்லண்ட் கேம்பிரிட்ஜில் கணிதத்தில் உயர்ந்த இடம் பிடித்து, கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் ஆய்வாளராக இருந்தவர். மெடோஸ், டேவிட் பென் என்ற இரு துணைவர்களோடு வட திருநெல்வேலிக்கு வந்தார். தெற்கே இருந்ததுபோல் இங்கே கிறிஸ்தவ ஊர்களே கிடையாது. சாத்தூர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், அந்தப் பக்கம் சங்கரநயினார்கோவில் என்று கரிசல் காடு விரிந்து கிடந்தது. மூவரும் பங்களா கட்டவில்லை. கூடாரம் அடித்து, சுற்றுக் கிராமங்களைப் பார்த்து, கூடாரத்தைச் சுருட்டி, அடுத்த இடத்துக்குப் போனார்கள். தெற்குச் சபைகள் தங்கள் உபதேசிமாரை மாதம் மாற்றி மாதம் முறைவைத்து அனுப்பின. தேரி மணலில் வளர்ந்தவர்கள் கரிசலில் கால் வைத்தபோது அவர்களும் அங்கே வெளியூர்க்காரர்கள்தான்.

வேதத்தில் படித்த கூடார வாழ்க்கையை வெயிலில் வாழ்ந்து பார்த்தவர் ராக்லண்ட். உடம்பு இடம் கொடுக்கவில்லை. 1858 அக்டோபரில் சிவகாசியில் ரத்தக்குழாய் வெடித்து இறந்தார். வயது 43.

ஆனால் கூடாரக்காரர்கள் விரும்பி ஏற்றுக்கொண்ட பரதேசிகள். வேண்டாமென்றால் கப்பல் ஏறிக் கேம்பிரிட்ஜுக்குப் போகலாம். தெற்கே இருந்தவர்களுக்கு அந்த வசதி கிடையாது.

*

ராக்லண்ட் கரிசலில் சுற்றிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், தெற்கே ஒரு புத்தகம் கொதித்துக்கொண்டிருந்தது.

1849இல் இடையன்குடி மிஷனரி கால்டுவெல், தம் சபையின் பெரும்பகுதியான நாடார் மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். மறு ஆண்டே லண்டனிலும் அச்சானது. கால்டுவெல் தமிழுக்குச் செய்தது பெரிது. இந்த நூல் அந்தப் பெருமையில் சேராது. அந்த மக்களின் அறிவையும் ஒழுக்கத்தையும் தாழ்த்தி எழுதியிருந்தார். அவர்கள் இந்த மண்ணின் பழங்குடிகள் இல்லை, இலங்கையின் வடகரையிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்றும் எழுதினார்.

பண்ணையார் மனையை விட்டுத் துரத்தினார். மிஷனரி மண்ணை விட்டே துரத்திவிட்டார், காகிதத்தில்.

அதைப் படித்துக் கொதித்தவர்களில் ஒருவர் அருமைநாயகம். சட்டாம்பிள்ளை என்றால்தான் தெரியும். பிறந்தது 1823. சாயர்புரம் செமினரியில் ஜி.யு. போப்பிடம் படித்தவர், உபதேசியாராக இருந்தவர், நாசரேத்து மிஷனரி காமெரரோடு மோதி வேலையை இழந்தவர். வேதத்தை விடவில்லை. மாறாக, வெள்ளைக்காரர்கள் ஓரத்தில் அச்சடித்த எண்ணைப் பார்த்துப் படித்த அதே ஆகமங்களை அவர் வேறு கண்ணோடு படித்தார்.

அவர் கேட்டது இதுதான்: இது கீழ்த்திசையில் பிறந்த மார்க்கம். இஸ்ரவேலருக்குக் கடவுள் கொடுத்த முறைமைகள் ஆகமத்தில் அப்படியே இருக்கின்றன. தீட்டு, சுத்தம், தூபம், தரையில் விழுந்து கும்பிடுவது. இதெல்லாம் நமக்குத் தெரியாததா? ஐரோப்பியர்தான் நடுவில் வந்து தங்கள் பழக்கத்தை அதன்மேல் பூசினார்கள்.

1857இல் நாசரேத்தை ஒட்டிய பிரகாசபுரத்தில் தனிச் சபை பிறந்தது. வெள்ளைக்கார குரு கிடையாது, வெளிநாட்டுப் பணம் கிடையாது. ஓய்வுநாள் ஞாயிறு இல்லை, சனி. பண்டிகைகள் யூத முறைப்படி. நற்கருணையில் புளித்த திராட்சரசம் இல்லை, புதுச் சாறு. நாசரேத்து மிஷனிலிருந்து குடும்பம் குடும்பமாக அங்கே போனார்கள்.

வடக்கே ஆங்கிலேயர் கூடாரத்தில் பரதேசியாக அலைகிறார்கள். தெற்கே தமிழர்கள் ஆங்கிலேயரின் கோவிலை விட்டு எழுந்து, மோசேயின் பஞ்சாங்கத்தைக் கையில் எடுக்கிறார்கள். நடுவில் இருந்தது ஒரே புத்தகம், ஒரே யாத்திரை.

ஆனால் ஒரு இடறல் இருந்தது. யூதப் பண்டிகைகளின் வேர் எகிப்திலிருந்து புறப்பட்ட இரவில் இருக்கிறது. அந்த விழாவைக் கையிலெடுப்பவன் தான் எங்கிருந்து புறப்பட்டான் என்று சொல்லியாக வேண்டும். முதலூர்க்காரர்களைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் பண்ணையார் வீட்டைக் காட்டியிருப்பார்கள். பிரகாசபுரத்தில் முதல் சனிக்கிழமை கூடியவர்கள் எந்த வீட்டைக் காட்டினார்கள்? மிஷன் ஊர்களில் குடியிருந்துகொண்டே மிஷனை விட்டு வெளியேறியவர்களின் மனைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் என்ன ஆயிற்று?

(தொடரும்)